துக்க வீட்டில் டிசம்பர்

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. தீபாவளியோ பொங்கலோ கிறிஸ்துமஸோ, எதுவானாலும் புதுத்துணி எடுப்பதில்லை, பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் சாப்பிடுவோம். எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதை இந்த வழக்கம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அந்த நாளை என்ன செய்வது என்று மட்டும் அது சொல்வதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை அந்த வீட்டுக்குள் இருக்கும் மனுஷர்கள் என்ன செய்யவேண்டும்? அதை நாங்களாகத்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தோம். இந்த டிசம்பரில் முதல் வருஷத்தில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில். என் வீட்டுக்காரர் ஒரு செப்டம்பர் கடைசியில் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் நான், அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகன், அவருடைய அம்மா. எனக்குக் கணவர், அவனுக்கு அப்பா, அத்தைக்குப் பெற்ற பிள்ளை. ஒரே மனுஷனுக்காக மூன்று பேர் அழுதோம், ஆனால் மூன்று பேருடைய துக்கமும் ஒன்றல்ல. இது புரிய எங்களுக்குக் கொஞ்ச காலம் ஆனது.

எங்கள் ஊரில் டிசம்பர் என்பது நவம்பரிலேயே ஆரம்பித்துவிடும். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3 அன்று முடியும், அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அது முடிந்த கையோடு கடைவாசல் எல்லாம் ஸ்டார், குடில் பொம்மை, சீரியல் லைட். தெருவுக்குத் தெரு, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸின் டிரம் சத்தம். மேல்நாட்டில் சீக்கிரம் இருட்டிவிடும் குளிர்காலத்தில் துக்கம் கூடுதலாக அழுத்தும் என்பார்கள். அங்கே சில சபைகளில் டிசம்பர் 21-ஐ ஒட்டி, வருஷத்திலேயே நீளமான அந்த இரவில், துக்கத்தில் இருப்பவர்களுக்கென்றே தனியாக ஒரு ஆராதனை வைக்கிறார்கள். ஆரவாரம் இல்லாமல், மெழுகுவத்தி ஏற்றி, அழ விரும்புகிறவர்கள் அழுதுவிட்டுப் போகலாம். நம் ஊரில் அப்படி ஒரு இருட்டும் இல்லை, அப்படி ஓர் ஆராதனையும் நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த வருஷம் வெளிச்சம்தான் தாங்கவில்லை. எதிர்வீட்டு ஸ்டார் சிவப்பும் பச்சையுமாக எங்கள் முன்னறைச் சுவரில் விழுந்துகொண்டே இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு வழி காட்டியது என்னோடு வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள். எங்கள் மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடற்கரை முழுக்கச் சாவு. முந்தின நாள் புதுத்துணி போட்ட பிள்ளைகளை மறுநாள் மொத்தமாகக் குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். அவள் குடும்பத்திலும் ஆட்கள் போனார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த ஊர்களுக்கு 25 கிறிஸ்துமஸ், 26 நினைவு நாள். காலையில் திருப்பலி, அடக்கம் செய்த இடத்தில் பூவும் மெழுகுவத்தியும். இத்தனை வருஷமாகப் பண்டிகையும் துக்கமும் அடுத்தடுத்த நாளாகவே வருகிற ஊரில் வளர்ந்தவள், அதனால்தான் அவளிடம் கேட்டேன், "எப்படிப் புள்ள ரெண்டையும் தாங்குறீங்க?" என்று.

அவள் சொன்னது: "அக்கா, மொதல் சில வருஷம் யாரும் ஸ்டார் கட்டல. அப்புறம் சின்னப் புள்ளைங்க கேட்டுச்சு. கட்டுனோம். 25-ஆம் தேதி மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் எங்க வீட்ல மறுநாளுக்குப் பூ கட்ட உக்காந்துருவோம். அழறதுக்கு ஒரு நேரமும் ஒரு இடமும் இருக்குன்னு தெரிஞ்சா, மத்த நேரம் கொஞ்சம் மூச்சு விடலாம்."

இன்னொன்றும் சொன்னாள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் உண்டு. அடக்கம் செய்ய ஆளே வராத வீட்டில், செத்துவிட்டார் என்று அழுவதா, வருவார் என்று காத்திருப்பதா? அந்த வருஷக் கிறிஸ்துமஸ் அந்த ஊர்களில் எப்படி இருந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, நாங்கள் போய் உட்காருவதற்கு ஒரு கல்லறையாவது இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. அடுத்தவர் துக்கம் பெரிது, அதனால் நம்முடையது சின்னது என்று சொல்லவில்லை. அப்படி ஒப்பிட்டு ஆறுதல் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க அந்தப் பேச்சு எனக்கு உதவியது, அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசினோம். இதை டிசம்பர் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள், ஏனென்றால் 20 தேதிக்கு மேல் யாருக்கும் யோசிக்கிற தெம்பு இருக்காது. ஆளுக்கு ஒரு விஷயம், எது வேண்டவே வேண்டாம் என்று சொல்லவேண்டும். ஆளுக்கு ஒன்று, எது வேண்டும் என்றும் சொல்லவேண்டும். அத்தை பலகாரம் வேண்டாம் என்றார், கல்லறைக்குப் போகவேண்டும் என்றார். நான் விருந்தாளிக் கூட்டம் வேண்டாம் என்றேன், வேண்டும் என்று சொல்ல அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை, அதையும் அப்படியே விட்டுவிட்டோம். மகன் ரொம்ப நேரம் தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டு "ஒரு ஸ்டார் மட்டும்" என்றான். அவனும் அவன் அப்பாவும் சேர்ந்துதான் ஒவ்வொரு வருஷமும் மூங்கில் கீறி, கலர் பேப்பர் ஒட்டி, ஸ்டார் செய்வார்கள், கடையில் வாங்கியதே இல்லை.

அத்தை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. துக்க வீட்டு வாசலில் ஸ்டார் தொங்கினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம், அதற்கும் மேலே, மகனை அதற்குள் மறந்துவிட்டோம் என்று ஆகிவிடுமோ என்ற வலி. நான் வாதாடவில்லை. ரெண்டு நாள் கழித்து அவரே, "வெளியே வேண்டாம் மக்கா, உள்ளே கட்டட்டும். அவன் அப்பன் பழக்கின வேலை தானே" என்றார். அப்படித்தான் முன்னறையில், அவர் படத்துக்குப் பக்கத்தில், சீரியல் லைட் இல்லாமல் ஒரே ஒரு பல்பு போட்ட ஸ்டார் வந்தது. அந்த மூங்கிலை அவன் தனியாகக் கீறியபோது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பசை கிண்டிக் கொடுத்தார். எனக்கு நம்பிக்கை என்று ஏதாவது முதலில் கண்ணில் பட்டது என்றால் அது அந்தப் பசைக் கிண்ணம்தான். வழக்கத்தை மீறவும் இல்லை, பிள்ளையின் ஆசையை அடக்கவும் இல்லை. உங்கள் வீட்டில் அது வேறு ஏதாவதாக இருக்கும், ஆனால் இப்படி ஒரு நடுவழி அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும், வயதானவர்களை அவசரப்படுத்தாமல் விட்டால் அவர்களே அதைச் சொல்லுவார்கள்.

கேரல் விஷயத்தை நேராகப் பேசிவிடுங்கள். துக்க வீட்டுக்குப் போகலாமா கூடாதா என்று பாடுகிற பிள்ளைகளுக்கும் குழப்பம், உள்ளே இருக்கிற நமக்கும் பதைப்பு. நான் சபை வாலிபர் சங்கச் செயலாளருக்கு முன்கூட்டியே போன் செய்து, டிரம் வேண்டாம், தாத்தா வேஷம் வேண்டாம், வந்து அவருக்குப் பிடித்த ஒரு கீர்த்தனையை மட்டும் பாடி ஜெபித்துவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். அவர்களும் அப்படியே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து பாடினார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இவர் ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர். பாட்டு முடிந்தபின் ஒரு பையன், சார் எங்களைத் திட்டினதே இல்லை, ஒரே ஒரு தடவை தவிர என்று ஒரு கதை சொல்ல ஆரம்பித்தான், நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அத்தையும் சிரித்தார். சிரித்துவிட்டு அழுதார். ரெண்டும் ஒரே நிமிஷத்தில்.

அப்படிச் சிரிப்பதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மகன் அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நண்பர்களோடு கிரிக்கெட் விளையாடப் போய்விட்டுச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே வந்த ஒரு நாள், அத்தை அதைப் பார்த்து உடைந்துபோனார். இவனுக்கு அப்பன் போன துக்கமே இல்லையா என்று. நாங்கள் பார்த்த மனநல ஆலோசகர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார், எனக்கு மனதில் நின்றுவிட்டது. மார்கரெட் ஸ்ட்ரூப், ஹெங்க் ஷூட் என்று நெதர்லாந்தில் ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999-இல் சொன்னது: துக்கத்தில் இருக்கிறவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருப்பார், அப்படிப் போய் வருவதுதான் ஆரோக்கியம், ஒரே பக்கம் தங்கிவிடுவதுதான் சிரமம். பிள்ளைகள் இதை இன்னும் வேகமாகச் செய்வார்கள், காலையில் அழுவார்கள், மத்தியானம் பந்து தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, நீ இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறாய் என்று வீடியோ பார்த்துவிட்டு என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதைச் சொன்னது சாகப்போகிற நோயாளிகளோடு பேசிப்பார்த்து, அதை எல்லாரும் வரிசைப்படி ஏறவேண்டிய படிக்கட்டு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நமக்கு வரிசையும் வராது, கணக்கும் வராது.

மகனைப் பற்றி இன்னொன்று. அடக்கத்துக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் அவன் தோளில் கைவைத்து "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்றார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனாலும் தயவுசெய்து எந்தப் பிள்ளையிடமும் இதைச் சொல்லாதீர்கள். அவன் அழுவதை அந்த வார்த்தை நிறுத்திவிட்டது. கிறிஸ்துமஸ் நேரத்தில் திரும்பவும் சொந்தக்காரர்கள் வருவார்கள், திரும்பவும் சொல்லுவார்கள் என்று தெரிந்ததால் அவன் காது கேட்கவே அத்தையிடம் சொன்னேன், "அத்தை, வீட்டைப் பார்த்துக்க நாம ரெண்டு பேர் இருக்கோம், அவன் படிக்கட்டும், விளையாடட்டும்" என்று. அவனுடைய வகுப்பாசிரியரிடமும் டிசம்பரில் ஒரு தடவை பேசினேன், பரீட்சை எழுதும்போது வெளியே போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வர அவனை அனுமதித்தார். கேட்டால் செய்கிறார்கள். நாம் கேட்கவேண்டும்.

24 சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அந்தத் தங்கச்சி சொன்ன மாதிரி அழுவதற்கு ஒரு நேரமும் ஒரு இடமும். களை பிடுங்கினோம், பூ வைத்தோம், மகன் அரையாண்டு மார்க்கை அவரிடம் சொன்னான். முன்பே நேரம் குறித்துப் போனது நல்லதாயிற்று, ஏனென்றால் அன்றைக்கு நாள் முழுக்கத் தொண்டையில் அடைத்துக்கொண்டு இருந்தது, நாலு மணிக்கு அங்கே போகப்போகிறோம் என்று தெரிந்ததால்தான் அதுவரை சமையலையும் வீட்டையும் பார்க்க முடிந்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எல்லா வருஷமும் நாங்கள் அதிகாலை ஆராதனைதான் போவோம், குடும்பம் குடும்பமாகப் புதுத்துணியில் ஆலயம் நிறைந்திருக்கும். அந்த வருஷம் அதை விட்டுவிட்டு அடுத்த ஆராதனைக்குப் போனோம். பக்கவாசல் ஓரத்தில் உட்கார்ந்தோம். எங்கள் ஸ்கூட்டரிலேயே போனோம், யார் காரிலும் ஏறவில்லை, வேண்டும்போது கிளம்பிவரலாம் என்பதற்காக. சின்ன விஷயம்தான், ஆனால் வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் உள்ளே உட்கார முடிகிறது. கல்யாணம், புதுமனை என்று எங்கே போவதானாலும் முதல் வருஷம் இதைக் கடைப்பிடியுங்கள்.

பலகாரம் வந்து குவிந்தது. அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, கேக் என்று டப்பா டப்பாவாக. மூன்று பேர், அதிலும் சாப்பிட மனமில்லாத மூன்று பேர், எவ்வளவு சாப்பிட முடியும்? அத்தைதான் சொன்னார், அவன் இருந்தால் ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டுபோயிருப்பான் என்று. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்து பண்டிகை நாளிலும் வராந்தாவில் படுத்திருப்பவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது இவருடைய பழக்கம். 25 மத்தியானம் நாங்கள் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். அங்கே ஒரு அம்மா வாங்கிக்கொண்டு, "உங்க வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, அவர் பேரில் கொடுக்கிறோம் என்றேன். அவர் பேரை நான் அந்த மூன்று மாதத்தில் அழாமல் சொன்னது அங்கேதான். எனக்கு வேண்டும் என்று மேசையில் சொல்லத் தெரியாமல் இருந்தது இதுதான் போலிருக்கிறது, அவர் செய்த ஏதாவது ஒன்று நின்றுவிடாமல் தொடரவேண்டும். இப்போதும் வருஷாவருஷம் போகிறோம்.

போன் ஒரு தனித் தொல்லை. குரூப்புகளில் வாழ்த்துப் படமாக வந்து விழும், பதில் போட்டாலும் வலி, போடாவிட்டாலும் ஏதோ மாதிரி. குரூப்புகளை ம்யூட்டில் போட்டுவிட்டு, ஸ்டேட்டஸ் பக்கமே போகாமல் இருந்தேன். கூகுள் ஃபோட்டோஸ் திடீர் திடீரென்று போன வருஷக் கிறிஸ்துமஸ் படத்தை எடுத்து முன்னால் நீட்டும். அதன் செட்டிங்ஸில் நினைவுகள் பகுதியில் குறிப்பிட்ட தேதிகளையோ ஆளையோ மறைத்துவைக்க முடியும், படம் அழியாது, தானாக வந்து நிற்காது, அவ்வளவுதான். நான் மறைத்தேன், அடுத்த வருஷம் திரும்ப எடுத்துவிட்டேன். வாரிசுச் சான்றிதழ், பென்ஷன், பேங்க் வேலை எல்லாம் ஜனவரிக்குத் தள்ளிவைத்தேன். விடுமுறையில் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, நகையை விற்பது, வீட்டை மாற்றுவது மாதிரிப் பெரிய முடிவுகளையும் அந்த மாதத்தில் எடுக்கவேண்டாம்.

உடம்பையும் பாருங்கள். எனக்கு ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், நெஞ்சு இறுகும். துக்கம்தான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டினேன். அக்கம்பக்கத்தில் கொடுக்கிற தூக்க மாத்திரையைத் தொடவேண்டாம். செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வந்தாலோ, சாப்பாடு தூக்கம் ரெண்டும் ஒட்டாமல் நாளாகிக்கொண்டே போனாலோ காத்திருக்கக்கூடாது, உடனே பேசவேண்டும். டெலிமானஸ் என்று மத்திய அரசின் இலவச மனநல உதவி எண் 14416 இருக்கிறது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஆறு மாதம் தாண்டியும் நாள்தோறும் அதே கனத்தில் அழுத்தி அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் அதை நீடித்த துக்கம் என்று உலக சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, அதற்குச் சிகிச்சை உண்டு. ஜெபம் போதாதா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். நான் ஜெபமும் செய்தேன், ஆலோசகரிடமும் போனேன். ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குத்தான் நான் ரொம்பப் பயந்தேன். எங்கள் சபையில் அன்றைக்கு அந்த வருஷம் மரித்தவர்களின் பேரை வாசிப்பார்கள். போகவேண்டாம் என்றுகூட நினைத்தேன். போனோம். அவர் பேர் வந்தது, எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். டிசம்பர் முழுக்க ஊரே எங்களிடம் அவர் பேரைச் சொல்லாமல் கவனமாக இருந்தது, எங்களை வருத்தக்கூடாது என்று. எங்களுக்கு வேண்டியிருந்ததோ யாராவது அந்தப் பேரைச் சத்தமாகச் சொல்வது. துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கர்த்தரின் சித்தம், காலம் ஆற்றும் என்பதெல்லாம் வேண்டாம், இறந்தவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்லுங்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாத கதையாக இருந்தால் இன்னும் நல்லது. பண்டிகை நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஒதுங்கிப் போகாதீர்கள். முதல் பதினாறு நாள் வீடு நிறைய ஆள் இருந்தது, ஆனால் டிசம்பரில்தான் ஆள் தேவைப்பட்டது.

ரெண்டாம் வருஷம் லேசாக இருக்கும் என்று நினைத்தேன், சில நாள் முதல் வருஷத்தைவிடக் கனமாகத்தான் இருந்தது. முதல் வருஷம் மரத்துப்போயிருந்தோம் போல. ஆனாலும் அந்த வருஷம் ஸ்டார் வாசலுக்கு வந்தது, அத்தையே கட்டச் சொன்னார். எண்ணெய்ச் சட்டியும் வைத்தோம்.

இந்த வருஷம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அக்டோபரில் ஒரு சின்ன வயது மரணம். டிசம்பர் பிறந்ததும் நான் போய் அந்த அக்காவிடம் நேராகவே கேட்டேன், கேரல் வரச்சொல்லவா, வேண்டாமா என்று. பாட்டு வேண்டாம், ஆனால் வந்து உட்காருங்கள், அவளைப் பற்றிப் பேசுங்கள் என்றார். சரி என்று செயலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், 20-ஆம் தேதி சாயங்காலம் போகிறோம், அத்தையும் வருகிறேன் என்கிறார்.